பசுமைமாறா மரத்தில் மஞ்சள் இலை: போன்சாய் கேள்வி - பதில்

போன்சாய், அதாவது ஆழமில்லாத தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம் பற்றி வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்தான்: "வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், இலை மஞ்சளாகிக் கொட்டுகிறதே?" பசுமைமாறா மரம் என்றால் எல்லா இலையையும் ஒரே மூச்சில் உதிர்க்காத மரம் என்று பொருள். இலையே உதிர்க்காத மரம் உலகத்தில் கிடையாது. கிளையின் உள்பக்கம் இருக்கும் பழைய இலை நாலைந்து மஞ்சளாகி விழ, நுனியில் தளிர் வந்துகொண்டே இருந்தால் மரம் நன்றாக இருக்கிறது. மாசி, பங்குனியில் இந்த உதிர்வு கொஞ்சம் கூடும், அதற்கும் பயப்பட வேண்டாம். தளிர் நின்றுபோய் இலை மட்டும் விழுந்தால்தான் வேலை இருக்கிறது.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் ஃபைக்கஸ் போன்சாய் ஒன்று வாங்கினேன். ஒன்றரை அடி உயரம். நீள்வட்டப் பீங்கான் தொட்டி, 30 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், 6 செ.மீ. ஆழம். ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஏ.சி. ஓடும். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாவது வாரமே இலை கொட்டத் தொடங்கியது. முதலில் பச்சையாகவே விழுந்தது, இப்போது மஞ்சளாகி விழுகிறது. தண்ணீர் பற்றவில்லையோ என்று இரண்டு வேளை ஊற்றினேன். ஒருவர் சொன்னபடி ஒரு ஸ்பூன் டி.ஏ.பி.யும் போட்டேன். இன்றைக்குப் பாதி மரம் மொட்டை. காப்பாற்ற முடியுமா?
— வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: முடியும். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஃபைக்கஸ் இனம்தான். சுவர் இடுக்கில் முளைத்து நிற்கிற ஜாதி, லேசில் சாகாது. ஆனால் உங்கள் வீட்டில் அதற்கு ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடி விழுந்திருக்கிறது. "முதலில் பச்சையாக, பிறகு மஞ்சளாக" என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது நல்ல தடயம்.

பச்சையாக விழுந்தது வெளிச்சத்தால். நர்சரியில் இந்த மரம் நிழல் வலைக்கு அடியிலோ திறந்த வெயிலிலோ வளர்ந்திருக்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். மர நிழலில்கூடச் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிற ஹாலில் இருநூறோ முந்நூறோதான். வெயிலுக்கென்று வளர்ந்த இலை இந்த இருட்டில் தன் பிழைப்புக்கே உணவு தயாரிக்க முடியாது. வைத்துக்கொள்வது நஷ்டம் என்று மரமே கழற்றிவிடுகிறது. விழுந்த பச்சை இலை ஒன்றை எடுத்துக் காம்பின் அடியைப் பாருங்கள். பிய்ந்த நார் இருக்காது, பிளேடால் சீவியதுபோல வழவழவென்று இருக்கும். காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு அடுக்கை வளர்த்து, அந்த இடத்தில் மரம் தானே அறுத்துவிட்ட இலை அது. ஏ.சி.யின் வறண்ட காற்று இந்த வேலையை இன்னும் விரைவாக்கும்.

பிறகு மஞ்சளானது வேரால். இலை குறைந்தால் மரம் உறிஞ்சும் நீரும் குறையும். பாதி இலை போன மரத்துக்குப் பாதித் தண்ணீர்கூடச் செலவாகாது. அந்த நேரத்தில்தான் நீங்கள் இரண்டு வேளையாக்கினீர்கள். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிறைந்தால் காற்று வெளியேறிவிடும். காற்றில்லாத வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், தண்ணீருக்கு நடுவிலேயே இலை வாடித் தொங்கும். அதைப் பார்த்து மறுபடியும் ஊற்றுவோம். வீட்டு போன்சாய்கள் அதிகம் சாவது இந்தச் சுழலில்தான், பூச்சியால் அல்ல.

டி.ஏ.பி. மூன்றாவது அடி. உங்கள் தொட்டியின் கொள்ளளவு கிட்டத்தட்ட மூன்று லிட்டர். வயலுக்குப் போடும் குருணை உரத்தை அதில் ஒரு ஸ்பூன் கொட்டினால், கரைந்த உப்பு வேரிலிருந்தே நீரை வெளியே இழுக்கும். நோயாளி மரத்துக்கு உரம் மருந்தாகாது.

இப்போது செய்ய வேண்டியது. தண்ணீரை நிறுத்துங்கள். மூங்கில் குச்சி ஒன்றைத் தண்டுக்குப் பக்கத்தில் 4 செ.மீ. ஆழம் குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள், தொட்டி ஓரத்திலும் அப்படியே. இரண்டு குச்சியிலும் சேறு ஒட்டி வந்தால் மேலே சொன்ன வேர் அழுகல்தான். ஓரக் குச்சி ஈரம், நடுக் குச்சி காய்ந்து வருகிறதா? அது வேறு கோளாறு: மரம் முதலில் வளர்ந்த களிமண் உருண்டை தண்டுக்கடியில் அப்படியே இருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றி வழிந்து ஓடுகிறது. எதுவானாலும் மரத்தை வெளியே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தொட்டிக்கு அடியில் மரத்தைக் கட்டிய கம்பி இருந்தால் வெட்டிவிட்டு, ஓரமாகப் பழைய கத்தியை ஒரு சுற்று விட்டு, தண்டின் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டித் தூக்குங்கள். முகர்ந்து பாருங்கள். நல்ல மண் மழை வாசனை அடிக்கும், அழுகிய மண் சாக்கடை நாற்றம் அடிக்கும். வேரை விரலால் நசுக்குங்கள். உயிருள்ள வேர் விறைப்பாக இருக்கும், நுனி வெள்ளையாக, முதிர்ந்த பகுதி செம்பழுப்பாக. அழுகியது கறுத்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் விறைப்பான இடம் வரை வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டிய இடத்தில் பால் கசிந்தால் மகிழுங்கள், அங்கே உயிர் இருக்கிறது.

பழைய மண்ணைக் குச்சியால் குத்தி உதிர்த்து, மிச்ச வேரைத் தண்ணீரில் அலசுங்கள். டி.ஏ.பி.யும் அதோடு போய்விடும். புதுக் கலவையில் நட்டு (கலவை அடுத்த பதிலில்), மரம் ஆடாதபடி வடிகால் துளை வழியாகக் கம்பி கொடுத்துக் கட்டுங்கள். ஆடுகிற மரத்தில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். அழுகல் அதிகமிருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூளை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து ஒரு முறை மண் நனைய ஊற்றலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் போடுகிற பழக்கம் இருந்தால் இதோடு சேர்த்துப் போடாதீர்கள், தாமிரம் அதையும் கொன்றுவிடும். பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

பிறகு இடம். பால்கனியில் நேர் வெயில் விழாத வெளிச்சமான மூலை. இரண்டு வாரம் கழித்துக் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம். வைத்த இடத்திலேயே விடுங்கள். விருந்தாளி வரும் நாளில் ஹாலுக்குக் கொண்டு வரலாம், ஒரே ஒரு நாள். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். மணி பார்த்து ஊற்றாதீர்கள், மண் பார்த்து ஊற்றுங்கள். மேல்மண் 2 செ.மீ. காய்ந்ததும், அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்ற வேண்டும். அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று அளந்து ஊற்றினால் மேலே நனையும், அடி காயும். ஆறு வாரத்துக்கு உரம் கிடையாது. புதுத்தளிர் நாலு இலை விரிந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும்.

கேள்வி: தொட்டிக்கு அடியில் கூழாங்கல் பரப்பி, அதன் மேல் செம்மண்ணும் கோகோபீட்டும் (தென்னை நார்த் துகள்) சரிபாதி போட்டிருக்கிறேன். அப்படியும் நீர் தேங்கி இலை மஞ்சளாகிறது. போன்சாய்க்குச் சரியான கலவை என்ன?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள். அது வடிகாலுக்கு உதவுவதில்லை. ஏன் என்பதற்குச் சமையலறையிலேயே சோதனை இருக்கிறது. பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டும் மாறியது. மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியானாலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் நிற்கும். அந்த உயரம் மண்ணின் பொடித்தன்மையைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. பொடி மண்ணில் அது 4 செ.மீ. என்றால், 30 செ.மீ. வாளியில் வேருக்கு 26 செ.மீ. மிச்சம் இருக்கிறது. 6 செ.மீ. போன்சாய் தொட்டியில் 2 செ.மீ.தான். கூழாங்கல் பரப்பினால் நீர் நிற்கும் மட்டம் அந்தக் கல்லுக்கு மேலே ஏறிவிடும், வேருக்கு இருந்த இடமும் போச்சு.

ஆகவே தொட்டி ஆழம் குறையக் குறைய மண் கரடாக வேண்டும். போன்சாய்க் கலையில் ஜப்பானியர்கள் ஆகடாமா என்ற உருண்டைக் களிமண்ணைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். இங்கே அதற்கு விலை கொடுத்து மாளாது, தேவையும் இல்லை. நன்றாகச் சுட்ட செங்கல் அல்லது உடைந்த நாட்டு ஓட்டைச் சுத்தியலால் உடைத்துச் சலியுங்கள். ஜன்னல் கொசுவலையில் தங்கி, ஆறு மி.மீ. சல்லடையில் விழுகிற அளவு வேண்டும். அதற்குக் கீழே விழும் தூளை இரக்கம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள், கலவையைக் கெடுப்பது அதுதான். அரைவேக்காட்டுச் செங்கலா என்று தெரிய, நாலு துண்டை இரவு முழுக்க ஊறவைத்து விரலால் தேயுங்கள். குழைந்தால் வேண்டாம். சுண்ணாம்போ சிமென்ட்டோ பூசிய பழைய சுவர்ச் செங்கலும் வேண்டாம், மண்ணில் காரத்தை ஏற்றும்.

அளவு: செங்கல் சல்லி ஐந்து பங்கு, கழுவிய கரட்டு ஆற்று மணல் இரண்டு, சலித்த மண்புழு உரம் இரண்டு, பட்டாணி அளவு கரித்துண்டு ஒரு பங்கு. இது ஃபைக்கஸுக்கு. வேலைக்குப் போய் இரவு வருகிறவர்கள், கோடையில் தினம் இரண்டு முறை ஊற்ற முடியாதவர்கள், மணலில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் கழுவிய கோகோபீட் ஒரு பங்கு சேர்க்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம். கோகோபீட் ஈரத்தில் அளவுக்கு மீறி நீரைப் பிடித்துவைக்கும். ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் அடம்பிடிக்கும், தண்ணீரை உள்ளே விடாது. அப்போது தொட்டியை விளிம்பு வரை வாளி நீரில் பத்து நிமிடம் அமிழ்த்துவதுதான் வழி. குமிழி வருவது நின்றதும் எடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கிய சில தொட்டிகளில் மேலே வெள்ளைக் கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கடையிலிருந்து வண்டியில் வரும்வரைதான் அதற்கு வேலை. வீட்டுக்கு வந்ததும் திருப்புளியால் நெம்பி எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை மண் காய்ந்ததா நனைந்ததா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

மாற்றி நடும் காலம்: மாசி, பங்குனி, இல்லையென்றால் கோடை தணிந்த ஆனி, ஆடி. ஃபைக்கஸுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும், வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம். அக்னி நட்சத்திரத்தில் கை வைக்காதீர்கள். வேர் அழுகிய மரத்துக்கு மட்டும் காலம் பார்க்க வேண்டாம், அன்றே செய்யுங்கள்.

கேள்வி: என் ஃபைக்கஸில் பழைய இலைகள் நன்றாக இருக்கின்றன. புதிதாக வரும் இலைதான் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிகிறது. போர் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறேன்.
— வாசகர், ஈரோடு

பதில்: இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செங்கல் சல்லியிலேயே இருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும்) அளவை எட்டுக்குப் பக்கம் ஏற்றிவிட்டால், இரும்பு கரையாமல் வேருக்கு எட்டாமல் போகும். இரும்பு செடிக்குள் இடம் மாறாத சத்து. பழைய இலையில் இருப்பதை எடுத்துத் தளிருக்குக் கொடுக்க மரத்தால் முடியாது. அதனால்தான் மஞ்சள் நுனியில் தொடங்குகிறது. தழைச்சத்துக் குறை என்றால் நேர்மாறாக, அடியில் உள்ள பழைய இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். பழைய இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் மெக்னீசியம்.

உறுதி செய்ய, தொட்டி விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளைப் பொறுக்கின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் அது உர உப்பாக இருக்கலாம்.

முட்டை ஓட்டை நிறுத்துங்கள். அதுவும் சுண்ணாம்புதான். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற கதை. உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) இரண்டு கிராமும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு கிராமும் ஒரு லிட்டர் மழைநீரில் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். எலுமிச்சை உப்பை முதலில் கரைக்க வேண்டும், பிறகு அன்னபேதி. அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப் பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தால் கெட்டுவிட்டது, பயனில்லை. முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து மூன்று நாள் பாருங்கள், கரும்புள்ளி விழுந்தால் பாதியாக நீர்த்துவிடுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசலை மீதம் வைக்காதீர்கள், பால்கனித் தரையிலும் சிந்தாதீர்கள், கறை போகாது.

வேருக்குக் கொடுப்பதென்றால் ஈ.டி.டி.எச்.ஏ. என்று அட்டையில் போட்ட இரும்புச் சத்தைக் கேட்டு வாங்குங்கள், சிவப்புக் கலந்த பழுப்பாக இருக்கும். லிட்டருக்கு ஒரு கிராம், மாதம் ஒரு முறை. கடையில் அதிகம் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. வகை. அது காரமண்ணில் சீக்கிரமே செயலிழக்கும், இலையில் தெளிக்க மட்டும் சரி.

நிரந்தரத் தீர்வு தண்ணீரில்தான் இருக்கிறது. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ. நீரும் போர் நீரும் பாதிக்குப் பாதி. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், போர் நீரைவிட உப்பு அதிகம். போர் நீர் மட்டுமே கதி என்றால் லிட்டருக்குக் கால் கிராம் எலுமிச்சை உப்பில் தொடங்கி, பி.எச். தாளில் 6 முதல் 6.5 வரும்படி அளவை நிர்ணயித்துக்கொள்ளலாம். மஞ்சளான இலை முழுவதும் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் வரும் தளிரின் நிறத்தைப் பாருங்கள்.

கேள்வி: இலைகள் நடுநரம்பை ஒட்டி அவரைக்காய்போல மடிந்துகொள்கின்றன. வெளிப்பக்கம் செம்புள்ளி. பிரித்தால் உள்ளே கறுப்பாக நெளிகிறது. பிறகு மஞ்சளாகி விழுகிறது. வேப்ப எண்ணெய் தெளித்தும் போகவில்லை.
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஃபைக்கஸ் இலைப்பேன். கறுப்பாக நெளிவது வளர்ந்த பூச்சி, கூடவே வெளிர்மஞ்சள் குஞ்சுகளும் முட்டைகளும் இருக்கும். மடித்த இலை அதற்கு வீடு. நீங்கள் தெளிக்கும் வேப்ப எண்ணெய் கூரையோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவதில்லை. மடிந்த இலை ஒன்று விடாமல் பறித்து, பறிக்கும்போதே பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டி வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் போட்டால் பறந்து திரும்பி வந்துவிடும். பூச்சி இளந்தளிரைத்தான் மடிக்கும். அதனால் பறித்த பிறகு வரும் தளிருக்கு வாரம் ஒரு முறை, வேப்ப எண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் ஒரு மி.லி., ஒரு லிட்டர் நீர் என்று நான்கு வாரம் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்ற பூச்சிமருந்து, லிட்டருக்கு அரை மி.லி., ஒரே முறை. கையுறை அவசியம். தேனீ வரும் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் தெளிக்கக் கூடாது.

இமிடாகுளோபிரிட்டை எல்லாவற்றுக்கும் சர்வரோக நிவாரணியாகத் தெளிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலந்திப் பேனுக்கு அது கேட்காது, சில சமயம் பேனைப் பெருக்கவும் செய்யும். இலையில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப்புள்ளிகள், அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால், வெள்ளைத்தாளுக்கு மேல் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி நடந்தால் அது சிலந்திப் பேன். மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வெயில் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளிலும், வேப்ப எண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள்ளும் கந்தகம் வேண்டாம், இலை கருகிவிடும்.

கேள்வி: மொட்டை மாடியில் வைத்திருக்கும் போன்சாயின் இலை ஓரம் கோடையில் பழுப்பாகிக் காய்ந்து உதிர்கிறது. தண்ணீர் தினமும் இரண்டு வேளை விடுகிறேன்.
— வாசகர், வேலூர்

பதில்: இலைக்கு வெயில் பிரச்சினை இல்லை, வேருக்குத்தான். சிமென்ட் தரையில் வைத்த ஆழமில்லாத தொட்டி சித்திரை வெயிலில் தோசைக்கல். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய வேர்களும் வெந்துகொண்டிருக்கின்றன. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பலகை, ஐம்பது சதவீத நிழல் வலை, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, மாலை வெயில் தாழ்ந்து தொட்டி ஆறிய பிறகு ஒரு முறை தண்ணீர். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் முதல் ஐந்து லிட்டரைப் பிடித்து வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், அது வெந்நீர்.

கேள்வி: பரிசாக வந்த ஜூனிப்பர் போன்சாய். பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் தொட்டால் நொறுங்குகிறது. லேசாக மஞ்சள் படர்கிறது.
— வாசகி, மதுரை

பதில்: மன்னிக்கவும், அது இறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஜூனிப்பர் செத்த பிறகும் வெகுநாள் பச்சை நிறத்தை வைத்துக்கொண்டிருக்கும். சின்னக் கிளை ஒன்றை வளையுங்கள். வளையாமல் படக்கென்று ஒடிந்து, தோலுக்கடியில் பச்சை தெரியாவிட்டால் முடிந்தது. குளிரை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டிய மரம் இது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வெளியில் வைத்தால் நன்றாக வரும். மதுரைக்கு, அதிலும் வீட்டுக்குள், ஆகாது. ஊசியிலை மரத்தின் தோற்றம்தான் வேண்டும் என்றால் சவுக்கை எடுங்கள். நம் வெயிலுக்குப் பழகியது, கம்பி கட்டினால் சொன்னபடி கேட்கும், தண்ணீருக்கு மட்டும் ஆசை அதிகம்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு ஜேடு போன்சாயின் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன.
— வாசகர், புதுச்சேரி

பதில்: உதிர்ந்த இலையை நசுக்குங்கள். சதைப்பற்றாக, நீர் நிறைந்து இருந்தால் தண்ணீர் மிகுந்துவிட்டது. சுருங்கித் தோலாக இருந்தால் தாகம். உங்களுடையது முதல் வகைதான். தென் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்து மரம் இது, இலையிலேயே நீரைச் சேமிப்பது. அடைமழைக்காலத்தில் வெளிச்சமுள்ள கூரைக்கடியில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீரே விடாதீர்கள். தண்டு அடியில் கொழகொழப்பாக இருந்தால் காத்திருக்காமல், நல்ல நுனிகளை நாலு அங்குலம் வெட்டி, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி மணலில் நடுங்கள். வேர் பிடித்துவிடும்.

கேள்வி: டீத்தூள், அரிசி கழுவிய நீர், கடலைப் புண்ணாக்குக் கரைசல், பஞ்சகவ்யம், இவற்றில் எது இலை மஞ்சளைப் போக்கும்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: காரணம் தெரியாமல் எதுவும் போக்காது. சர்க்கரை போட்ட டீத்தூள் எறும்பைக் கூப்பிடும், எறும்பு மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து குடிவைக்கும். அரிசி கழுவிய நீரால் பெரிய கெடுதலும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. ஆனால் ஆழமில்லாத தொட்டியில் தினமும் ஊற்றினால் மேலே பாசியும் கொசுவும் வரும். புண்ணாக்குக் கரைசல் நன்றாகப் புளித்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, மாதம் ஒரு முறை, அதுவும் தளிர்விடும் மரத்துக்கு மட்டும். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மி.லி., வடிகட்டி இலையில் தெளிக்கலாம். வேர் அழுகும் தொட்டியில் இவற்றில் எதைப் போட்டாலும் அழுகல் கூடும்.

கேள்வி: எல்லா இலையும் உதிர்ந்துவிட்டது. ஃபைக்கஸுக்கு உயிர் இருக்கிறதா, தூக்கிப் போடலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: தூக்கிப் போடாதீர்கள். நன்றாக இருக்கும் ஃபைக்கஸின் இலை முழுவதையும் வேண்டுமென்றே பறித்து, சின்ன இலையாகத் துளிர்க்க வைப்பது போன்சாயில் வழக்கமான வேலைதான். மொட்டையாவது மட்டும் மரணம் ஆகாது.

கிளை நுனியில் தொடங்கி, நகத்தால் அரிசி அளவுக்கு மேல்தோலைச் சுரண்டுங்கள். பழுப்பாகக் காய்ந்திருந்தால் இரண்டு அங்குலம் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை தெரிந்து பால் துளிர்க்கும் இடம் வரை இறங்கிக்கொண்டே போங்கள். தண்டின் அடிவரை பச்சை இல்லை என்றால்தான் நம்பிக்கை இல்லை. பச்சை கிடைத்தால், அதற்கு மேல் ஒரு கணு விட்டுக் காய்ந்த பகுதியை வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவுங்கள். பெரிய பாலிதீன் பையைக் குடைபோல மரத்தின் மேல் கவிழ்த்து, மேலே இரண்டு ஓட்டை போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இலை இல்லாததால் தண்ணீர் மிகக் குறைவாகத்தான் செலவாகும். முதல் பதிலில் சொன்ன மூங்கில் குச்சி காய்ந்து வந்தால் மட்டும் ஊற்றுங்கள், வாரம் ஒரு முறைகூட ஆகலாம். கோடையில் மூன்று நான்கு வாரம், மார்கழிக் குளிரில் எட்டு வாரம் வரை ஆகும். மொட்டு, கணுவில் சிவந்த ஊசி முனைபோல முதலில் தெரியும். இரண்டு இலை விரிந்ததும் பையைத் தினம் ஒரு மணி நேரம் தூக்கிவைத்து, பத்து நாளில் மெல்ல மெல்ல முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒரேயடியாக எடுத்தால் அந்தத் தளிரும் வாடி விழும்.